அண்ணனைக் குளிப்பாட்டிய பலகை

என் அருமை அண்ணே,

வீட்டில் ஒரு மேசை செய்துவிட்டேன். அரசுத் தேர்வுக்குப் படிக்க எனக்கு மேசை வேண்டும் என்று நீதானே சொல்லிக்கொண்டிருந்தாய்? கால்கள் நம் உடைந்த கட்டிலுடையவை. மேலே போட்டிருப்பது உன்னைக் கடைசியாகக் குளிப்பாட்டிய பலகை.

கோபித்துக்கொள்ளாதே. செத்தவரைக் குளிப்பாட்டிய பலகை மறுபடி வாசல் தாண்டக் கூடாது, எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டுக்குப் பின்னால் கிடந்து மக்க வேண்டும் என்பது நம் ஆட்களின் வழக்கம். எனக்கும் தெரியும். ஆனால் இந்தத் தேயிலை எஸ்டேட்டில் ஒரு சில்வர் ஓக் கிளையை ஒடித்தாலும் திருட்டுக் கேஸ். நமக்கென்று இருந்த மரம் அந்தப் பலகை ஒன்றுதான். "உள்ள கொண்டாராதடா" என்று அம்மா கத்தினாள். பக்கத்து வீட்டு செல்வி அக்காதான் சிரித்தாள். "அதுல படிச்சா பரீட்சைய உங்கண்ணன்தான்டா எழுதுவான்."

இழைத்து வெயிலில் வைத்தேன். பலகை முழுக்கக் காய்ந்தது, நடுவில் மட்டும் ஈரம். பூச்சிமருந்து டேங்க் உன் முதுகில் உட்காரும் அகலம். மறுபடி இழைத்தேன். சுருண்டு விழுந்த சீவலும் ஈரம். மலைப் பனியில் மரம் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பனியில் மருந்து வாடை அடிக்குமா அண்ணே?

உன் சாவை மாரடைப்பு என்று எஸ்டேட் ஆஸ்பத்திரியில் எழுதிவிட்டார்கள். மருந்தடிக்கக் கையுறை கேட்ட உன்னை 'லீடரு' என்று கிண்டலடித்த சூப்பர்வைசர் நேற்று வாசலில் வந்து நின்றார். கையில் உன் டேங்க்.

"ஏனுங்கக்கா, மருந்தடிக்க ஆளில்லைங்க. சின்னவன அனுப்புங்க. இல்லீன்னா ஊட்டக் காலி பண்ணுங்க."

அதுவரை அம்மாவுக்கும் என்னை அனுப்பும் எண்ணம்தான். வேலைக்கு ஆள் இல்லாவிட்டால் வீடு போய்விடுமே. உள்ளே வந்தவள் மேசையருகே நின்றாள். அந்த ஈரத்தில் உள்ளங்கையை வைத்தாள். எடுத்து முகர்ந்தாள்.

"சூடா இருக்குடா," என்றாள் மெதுவாக.

பிறகு வாசலுக்குப் போய், "வீட்ட எடுத்துக்கங்க. இவன் வரமாட்டான்," என்றாள்.

நான் தொட்டுப் பார்க்கவில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பயம் கிடையாது என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

குன்னூரில் ஓர் அறை பார்த்திருக்கிறோம். மேசையும் எங்களோடு வருகிறது. இதை எழுதும் தாளின் நடுப்பகுதி நனைந்துகொண்டே இருக்கிறது, எழுத்து கலைவதற்குள் சொல்லிவிடுகிறேன். அந்த டேங்க் என் தோளில் ஏறாது. உன் சாவுக்கு அவர்கள் எழுதிய காரணத்தை, இதே பலகையில் புத்தகம் வைத்துப் படித்து, மாற்ற வைப்பேன்.

உன் முதுகில் ஏறியே வளர்ந்த
தம்பி