மாடியிலிருந்து குதித்த என் தம்பிக்கு

என் செல்ல மாணிக்கம்,

நீ போன பிறகு சினிமாக் கொட்டகைப் பக்கமே தலைவைக்கக் கூடாது என்றிருந்தேன். முடியவில்லை. மூன்று படம் பார்த்துவிட்டேன். மூன்றும் காறித் துப்பத்தான் லாயக்கு.

முதலாவது குடும்பக் கதை. புருஷன் தாசி வீட்டில் கிடக்கிறான். பெண்டாட்டி பூஜை அறையில் அழுதுகொண்டே பாடுகிறாள். கிழிந்த சேலைதான், ஆனால் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. கடைசியில் அவன் திரும்பி வருகிறான். அவள் அவன் காலில் விழுகிறாள். தப்புச் செய்தவன் ஏன் அவள் காலில் விழக்கூடாது? பக்கத்திலிருந்த பெண்கள் எல்லோரும் மூக்கைச் சிந்தினார்கள். காலையெல்லாம் ரேஷன் கடையில் நின்றுவிட்டு வந்தவர்கள். தங்களுக்காக எப்போது அழுவார்களோ?

இரண்டாவது காதல் மர்மம். முகமூடிக் கொலைகாரன் யாரென்று முதல் பாட்டிலேயே தரை டிக்கெட்டுக்குத் தெரிந்துவிட்டது. கதாநாயகிக்கு மட்டும் கடைசிவரை தெரியவில்லை. கதாநாயகன் ஏழையாம். பட்டுச் சட்டை போட்ட ஏழை. ஒரு நாளும் வேலைக்குப் போகவில்லை. அடையாற்றங்கரையில் நம் குடிசைகளை இவர்கள் காட்டவே மாட்டார்களா என்று எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! இதில் காட்டினார்கள். திருடன் ஒளிந்துகொள்ளும் இடமாக.

மூன்றாவது உன் படம்.

உன் படமென்றால் யார் நம்புவார்கள்? சுவரொட்டியில் நீ இல்லை, பெயர் போடும்போதும் இல்லை. கோடம்பாக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததா? ஆபத்தான இடத்திலெல்லாம் கதாநாயகனுக்குப் பதிலாக டூப் போடுகிறவனுக்குப் பெயரும் கிடையாது, முகமும் கிடையாது. அவன் முதுகு மட்டும்தான் காமிராவுக்கு. முகம் திரும்பினால் திட்டு விழும் என்று நீயே சொல்லிச் சிரிப்பாய்.

படம் மயிலாப்பூருக்கு வந்ததும் அம்மா பிடிவாதம் பிடித்தாள். சினிமாவே பார்க்காதவள். "என் புள்ள ஓடறதை ஒரு தபா பாத்துட்டு வர்றேன், நைனா." எனக்கு மறுக்க மனம் வரவில்லை. பயமாகவும் இருந்தது. கீழே போட்டிருந்த வைக்கோல் காமிராவில் தெரிகிறதென்று நகர்த்திவிட்டு உன்னைக் குதிக்கச் சொன்னார்களே, அந்தக் காட்சியை அவர்கள் வெட்டவில்லை. அருமையாக வந்திருக்கிறதாம். உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன பிறகு, அதே இடத்தில் கதாநாயகனைப் படுக்கவைத்து மிச்சத்தை எடுத்தார்கள். நீ திரும்பவில்லை; படம் மட்டும் வந்துவிட்டது.

தரை டிக்கெட் வாங்கி, கொட்டகை மணலில் உட்கார்ந்தோம். காதலியைத் தேடிக் கதாநாயகன் பங்களா மாடியில் ஓடுகிறான். முதுகுதான் தெரிகிறது. அம்மா எழுந்தே விட்டாள்.

"தோ, நம்ம மாணிக்கம்! தோளைச் சாய்ச்சுக்கினு ஓடறான் பாரு!"

"ஐய, அது ராஜபார்ட்டும்மா! குந்து, மறைக்குது!" என்றான் பின்னாலிருந்தவன்.

நீ குதித்தாய். விழுந்தாய். கொட்டகை முழுக்க விசில். அடுத்த கணம் கதாநாயகன் எழுந்தான், தூசியைத் தட்டிக்கொண்டு, பவுடர்கூடக் கலையாமல். மறுபடியும் விசில்.

துண்டு துண்டாக எடுத்து ஒட்டுவதெல்லாம் அம்மாவுக்கு என்ன தெரியும்? "எய்ந்துட்டான்டா!" என்று கத்தினாள். பிறகு அந்த முகத்தைப் பார்த்தாள். என் தோளை உலுக்கினாள்.

"இவன் யாருடா? என் புள்ள எங்கே? இன்னும் கீயேதான் கீறானா?"

திரைக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீயாவது சொல்.

வீட்டுக்கு நடக்கையில் லஸ் முனையில் நின்றாள். அப்புறம், "நாளைக்கும் இட்டுக்கினு போ" என்றாள்.

"வேணாம்மா."

"மாடியிலே ஓடுவான் இல்லே, அது வரைக்கும். குதிக்கறதுக்கு முன்னாடி வந்துடலாம்."

நேற்றும் போனோம். நீ மாடி விளிம்பை நெருங்கியதும் எழுந்துவிட்டோம். ஒருவன் கேட்டான்: "இன்னாமா, ஜோரான கட்டத்துலே போறே?"

"என் புள்ள நல்லாத்தான் ஓடிக்கினு கீறான். எனக்கு அது போதும்" என்றாள் அம்மா.

எனக்குப் போதாது, மாணிக்கம். அந்தப் படம் ஜோர் என்று எவன் சொன்னாலும், விழுந்தது யாரென்று தெரியுமா என்று அவன் சட்டையைப் பிடித்துக் கேட்பேன். ஆனால் அம்மாவோடு போகும்போது மட்டும் வாயைத் திறக்கமாட்டேன். படம் இந்த ஊரை விட்டுப் போகும்வரை அவளை அழைத்துப் போவேன். அவள் கண்ணெதிரே உன்னை இன்னொரு தடவை விழவிடமாட்டேன். நீ ஓடிக்கொண்டே இரு.

உன் முகம் அறிந்த அண்ணன்,
துரை