உப்பளத்து வீட்டில் உப்பில்லாக் கஞ்சி

அன்பையும் அதட்டலையும் ஒரே குரலில் வைத்திருந்த என் மாமிக்கு,

இன்றைக்கு உங்கள் பேத்தியின் நெஞ்சுக்குள் கேட்கும் சத்தத்தைக் கேட்டேன். நாகர்கோவிலுக்குப் போய் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, மத்தியான பஸ்ஸில் திரும்பி வந்து, அவளைப் படுக்கவைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். வெயில் சாயத் தொடங்கிவிட்டது. காயலில் இருந்து காற்று வருகிறது. சன்னலுக்கு வெளியே உப்புக் குவியல்கள் வெள்ளை வெளேரென்று கிடக்கின்றன. இந்த நேரத்தில்தானே நெல் போடும் பத்தாயத்தில் சாய்ந்துகொண்டு பாதி தூக்கமும் பாதி பேச்சுமாக இருப்பீர்கள்? அதனால்தானோ என்னவோ, உங்களோடு பேச வேண்டும்போல் இருக்கிறது.

தங்கத்தை நீங்கள் கைக்குழந்தையாகத்தான் பார்த்தீர்கள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். உங்களைப் போலவே நின்றுகொண்டு சாப்பிடுகிறாள், உங்களைப் போலவே எதிர்ப்பேச்சுப் பேசுகிறாள். மழைக்காலத்தில் அவளுக்குத் தொண்டை வலித்தது. சாதாரணத் தொண்டை வலிதான் என்று சுக்குக் கஷாயம் கொடுத்தேன். அது அடங்கிக் கொஞ்ச நாள் கழித்துக் காய்ச்சல் வந்து முழங்கால் வீங்கியது. முழங்கால் வற்றும்போது கணுக்கால் வீங்கியது, பிறகு முழங்கை. வலி ஒரு மூட்டில் இருந்து இன்னொரு மூட்டுக்குத் தாவித் தாவிப் போவதைப் பார்த்ததும் எனக்கு உங்கள் நினைவுதான் வந்தது.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். சிறு பெண்ணாக இருக்கும்போது உங்களுக்கும் இப்படித்தான் மூட்டுக் காய்ச்சல் வந்தது. தண்ணீரில் நின்று வேலை செய்ததால் வந்தது என்று உங்கள் வீட்டில் நினைத்தார்கள். காய்ச்சல் போய்விட்டது, மூட்டும் சரியாகிவிட்டது. ஆனால் அது போகும்போது நெஞ்சுக்குள் ஒரு வேலை பார்த்துவிட்டுப் போயிருக்கிறது என்பது நீங்கள் பேரன் பேத்தி எடுக்கும் வயதில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

உங்களுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது எப்போது, மாமி? கடைசிவரை நீங்கள் சொல்லவே இல்லை. உப்பளத்து வரப்பில் நடக்கும்போது நின்று நின்று நடப்பீர்கள். கேட்டால், உப்பு எப்படி விளைந்திருக்கிறது என்று பார்க்கிறேன் என்பீர்கள். நானும் நம்பினேன். வயல்காட்டில் பிறந்தவளுக்கு உப்பளத்தில் நின்று பார்க்க என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? பிறகு கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, வெகுநேரம் அப்படியே நின்றது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று பத்தாயத்தில் தலையணை போட்டுச் சாய்ந்தபடியே உறங்கினீர்கள். வைத்தியர் வாய்வு என்றார், ஓமத்திரவம் கொடுத்தார். வாய்வு அசையவே இல்லை.

நாகர்கோவில் ஆஸ்பத்திரி டாக்டரம்மா உங்கள் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, உங்கள் மகனையும் என்னையும் வெளியே கூப்பிட்டுச் சொன்னது இன்னமும் நினைவில் இருக்கிறது. மனித இருதயத்துக்குள் நான்கு அறைகள். உடம்பெல்லாம் சுற்றிக் களைத்துவரும் இரத்தத்தை வலது பக்கம் வாங்கி நுரையீரலுக்கு அனுப்பும். அங்கே நல்ல காற்று பட்டுச் சுத்தமாகி அது இடது பக்கம் வந்துசேரும். இடது பக்கம் அதை உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தள்ளிவிடும். இரத்தம் போன வழியே திரும்பி வந்துவிடாமல் இருக்க அறைகளுக்கு நடுவிலும், வெளியே போகும் வழியிலும், ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவுகள் இருக்கின்றன. உங்களுக்கு இடது பக்கத்துக் கதவு ஒன்று அந்தப் பழைய காய்ச்சலில் தடித்துச் சுருங்கிவிட்டது. சரியாகத் திறப்பதும் இல்லை, சரியாக மூடுவதும் இல்லை. அதனால் இரத்தம் பின்னால் தேங்கி நுரையீரலை நிறைக்கிறது. மூச்சு முட்டுவது அதனால்தான். தேக்கம் இன்னும் பின்னால் போகும்போது கால் வீங்குகிறது.

தறிகெட்டு ஓடும் துடிப்பை நிதானப்படுத்த ஒரு சொட்டு மருந்து தந்தார்கள். சீமையில் முளைக்கும் ஏதோ ஓர் இலையில் இருந்து எடுப்பதாம். கதவைச் செப்பனிட மட்டும் மருந்து கிடையாது என்றார்கள். அப்புறம்தான் அந்தக் கட்டளை வந்தது. உடம்பில் உப்பு இருந்தால் அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் சாப்பாட்டில் உப்பே கூடாது.

உங்கள் மகன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "உப்பு விளையுத ஊருல இருந்துட்டு, உப்பு போடாம எங்க அம்மை எப்படித் தின்னுவா?" என்று கேட்டார். டாக்டரம்மாவுக்கு அதன் கனம் புரிந்ததாகத் தெரியவில்லை. எனக்குப் புரிந்தது.

நான் இந்த வீட்டுப் படியேறிய நாளில், முதன்முதலாக நீங்கள் என் கையில் தந்தது சாவி அல்ல, உப்பு மரவை. பலாமரத்தில் குடைந்த அந்தக் கிண்ணம் நிறையக் கல்லுப்பு. உப்பளத்து வீட்டுக்கு வரும் மருமகளுக்கு மாமியார் மரவையை ஏந்தித் தருவதுதான் உங்கள் குடும்பத்து வழக்கம். டாக்டரம்மா உப்பு கூடாது என்ற அன்றைக்கே அந்த மரவையை நான் தூக்கிப் பரணில் வைத்தேன். அன்று உங்களுக்கு ஊற்றிய கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"ஏட்டி, நான் உனக்கு என்ன குறை வச்சேன்? எனக்க கையால தந்த மரவைய எங்கிட்ட இருந்தே பிடுங்கிட்டியா?"

"டாக்டரம்மா சொன்னாவ மாமி."

"டாக்டரம்மைக்கு மாமியா உண்டா?"

நம் பக்கத்தில் ஒருத்திக்கு உப்பில்லாமல் ஊற்றினால் அவள் அந்த வீட்டுக்கு வேண்டாதவள் என்றுதானே அர்த்தம்? ஊர் சும்மா இருக்குமா? அடுத்த வீட்டு எஸ்தரக்கா கிணற்றடியில் வைத்து, என் காதில் விழும்படியாகவே, "படிச்ச பெண்ணு, மாமியாக்காரிக்கு உப்பில்லாத கஞ்சிய ஊத்துதா" என்றாள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வாய்க்கு வாய் பேசத் தெரியாதவள் இல்லை நான். பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் பேசவில்லை.

உங்கள் மகள் ஞானம் குளச்சலில் இருந்து ஓலைப்பெட்டி நிறைய நெத்திலிக் கருவாடு கொண்டுவந்தாள். நான் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் கனலில் சுட்டு உங்களுக்கு ஊட்டியிருக்கிறாள். வீட்டுக்குள் நுழைந்ததுமே வாசனை சொல்லிவிட்டது. உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் என் கோபம் போன இடம் தெரியவில்லை. தாய்க்கு வாய் செத்துக் கிடக்கிறது என்று எந்த மகள் பார்த்துக்கொண்டிருப்பாள்? ஆனால் அந்த வாரத்துக்குள் வீக்கம் முழங்காலுக்கு ஏறியது. ஒரு பேச்சை முழுதாகப் பேசி முடிக்க உங்களால் முடியவில்லை. உங்களை இழந்துவிடுவோம் என்று அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

அந்த நாட்களில் மத்தியானம் ஆனால் நீங்கள் எங்கேயோ போய்விடுவீர்கள். கண் பாதி மூடியிருக்கும். சிறு பெண்ணாக உப்பளத்தில் நின்றுகொண்டிருப்பீர்கள். "தண்ணி ஏறுது, மடைய அடைங்க" என்று முனகுவீர்கள். நான் விசிறிக்கொண்டு பக்கத்தில் இருப்பேன். வெயிலில் பாத்திகள் கண்ணாடியாய் மின்னும், அந்த வெளிச்சம் ஓட்டுக்கூரையின் உள்பக்கம் நெளியும், எனக்கும் கண் சொருகும். நாம் இருவரும் ஒரே கனவில் வரப்போரம் நடப்பதுபோல் இருக்கும். ஒருநாள் நானும் அந்தக் கனவுக்குள் இருந்தே பதில் சொல்லிவிட்டேன்.

"மடைப்பலகை வளஞ்சு போச்சு மாமி. அதான் தண்ணி திரும்பி வருது."

நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள். "எந்த மடையில?"

"உங்க நெஞ்சுக்குள்ள உள்ள மடையில."

கூரையில் நெளிந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள்: "மாத்திப் போட முடியாதா?"

"முடியாது மாமி. தண்ணிய கொறச்சாத்தான் பலகை தாங்கும். உப்பு தின்னா தண்ணி வடியாது."

"அது செரி," என்றீர்கள். "ஆனா நீ மட்டும் உப்பு போட்டுத் தின்னுதியே."

சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது. உங்களுக்குத் தட்டில் போட்டுத் தந்துவிட்டு, பக்கத்தில் என் தட்டோடு உட்கார்ந்தேன். திடீரென்று கையை நீட்டி என் தட்டில் இருந்து ஒரு பிடி சோறு எடுத்து வாயில் போட்டீர்கள். மென்றீர்கள். மெல்லுவது நின்றது.

"ஏட்டி, நீ இத எப்பம் இருந்து தின்னுத?"

"நீங்க தின்னத் தொடங்கின நாள்ல இருந்துதான்."

"உனக்கு என்ன கேடு?"

"எனக்கு ஒரு கேடும் இல்ல மாமி. ஒத்தைக்குத் தின்னா உங்களுக்கு இறங்காதுல்லா."

நீங்கள் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். உங்கள் கை குளிர்ந்து போயிருந்தது. மணிக்கட்டில் துடிப்பு ஓடுவதும் நிற்பதும் மறுபடி ஓடுவதுமாக இருந்தது. எனக்கு உங்கள்மேல் எவ்வளவு பிரியம் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த நாளே அதிகாரம் திரும்பிவிட்டது. பத்தாயத்தில் சாய்ந்தபடியே, "புளி இன்னும் கொஞ்சம் கரைச்சு விடு. நல்லமிளகு தட்டிப் போடு. உப்புதான் இல்ல, கைப்பக்குவத்துக்குமா பஞ்சம்?" என்று என்னை விரட்டினீர்கள். மறுபடி ஞானம் ஓலைப்பெட்டியோடு வந்தபோது, அவள் மூடியைத் திறப்பதற்கு முன்பே நீங்கள் சொன்ன வார்த்தையை இந்த ஊர் இன்னமும் சொல்லிச் சிரிக்கிறது.

"எடுத்துட்டுப் போ மக்களே. எனக்க மருமவளுக்கு உப்பு ஆவாது."

எஸ்தரக்காவின் வாய் அன்றோடு அடைத்தது.

வீக்கம் வற்றியது. இன்னும் ஒரு கோடைகாலம் எங்களோடு இருந்தீர்கள். தங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு, காயல் காற்று வாங்கிக்கொண்டு, உப்பு வாருகிறவர்களை இருந்த இடத்தில் இருந்தே திட்டிக்கொண்டு இருந்தீர்கள். பிறகு ஒரு மத்தியானம் துடிப்பு இடறியது, கொஞ்சம் ஓடியது, ஓய்ந்தது. என் கை உங்கள் கையில்தான் இருந்தது. மடை தாங்குமட்டும் தாங்கியது, அவ்வளவுதான்.

கல்லறைத் தோட்டத்தில் இருந்து திரும்பியதும் எஸ்தரக்கா வீட்டில் இருந்து கஞ்சி வந்தது. சரியான உப்பு போட்ட கஞ்சி. ஒரு வாய்க்குமேல் எனக்கு இறங்கவில்லை. எஸ்தரக்கா என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். நாட்கள் போகப் போக நாக்கு பழகிவிட்டது, ஆனால் மரவையைப் பரணில் இருந்து இறக்க மட்டும் மனம் வரவில்லை. இத்தனை காலமும் உப்பை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் வைத்துத்தான் புழங்கினேன்.

இன்றைக்கு டாக்டரம்மா தங்கத்தின் நெஞ்சில் வெகுநேரம் கேட்டார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் நிலைமையைப் பார்த்து, குழலை என் காதில் மாட்டி, "கேளுங்க" என்றார். டப் டப் என்று இரண்டு சத்தம், பிறகு கொஞ்சம் அமைதி, மறுபடி இரண்டு சத்தம். கதவுகள் சாத்தும் சத்தம்தான் அது என்றார். அவற்றுக்கு நடுவில் லேசாக ஒரு கசிவு. எனக்குக் கேட்டதா, கேட்டதாக நினைத்தேனா என்று தெரியவில்லை. ஆனால் டாக்டரம்மாவுக்குக் கேட்டிருக்கிறது.

சிறியதுதான் என்றார். காய்ச்சல் திரும்பி வராமல் பார்த்துக்கொண்டால் இப்படியே நின்றுவிடலாம், சில பிள்ளைகளுக்கு மறைந்தும் போகுமாம். அது முற்றிப்போகவும் கூடுமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. காய்ச்சலும் நெஞ்சும் நன்றாக அடங்கும்வரை படுக்கையில்தான் இருக்க வேண்டும், ஓடவே கூடாது, இனித் தொண்டை வலி என்றால் அலட்சியம் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"உப்பு?"

"இப்ப ஒண்ணும் நிறுத்த வேண்டாம்," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் மகன் நான் சொல்லாமலே ஏணியை எடுத்துப் போட்டார். மரவையை இறக்கித் தூசி தட்டிக் கழுவி, புது உப்பு நிறைத்து என் முன்னால் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உப்பளத்துக்குப் போய்விட்டார். இப்போது, இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, தங்கம் எழுந்துவிட்டாள். கஞ்சி கேட்டாள். தட்டோடு மரவையையும் அவளிடம் நீட்டினேன்.

"இது யாருக்கம்மா?"

"உங்க பாட்டிக்க மரவை."

இரண்டு கல்லை எடுத்துக் கஞ்சியில் போட்டுக் கலக்கினாள். பிறகு இன்னொரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். உங்கள் சிரிப்பேதான், மாமி. இருமல் மட்டும் இல்லை.

நெஞ்சுக்குள் இருக்கும் கதவுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அது எப்படி இருக்கும் என்று வாக்குக் கொடுக்கவும் முடியாது. வேறொரு வாக்கு தருகிறேன். இந்த மரவை திரும்பவும் பரண் ஏற வேண்டிய நாள் வரவே கூடாது. வந்துவிட்டால், உங்கள் பேத்தி தனியாக உட்கார்ந்து சாப்பிடமாட்டாள். அவள் தட்டில் இருப்பதுதான் என் தட்டிலும் இருக்கும். சந்தேகம் வந்தால் கையை நீட்டி ஒரு பிடி எடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உப்பு ஆகாத உங்கள் மருமகள்