என் மேசையில் எல்லாரும் பாஸ்

மாதா துணை

பாகூர்,
ஞாயிறு மாலை

அன்பு மகள் இளவரசிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை கலைவேந்தனும் பாப்பாவும் மெல்போர்ன் குளிரில் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் செபமாலை சொல்லும்போது கேட்டுக்கொள்கிறேன். எதிர்வீட்டுப் பெண் புதன்கிழமை அங்கே கிளம்புகிறாள், பெட்டியில் இடமிருக்கிறது என்றாள், அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் பாதி சொல்லும்போதே பாப்பா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். அப்பாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஏரிக்கரையில் பாதி தூரம் நடக்கிறார், மீதி தூரம் யாராவது வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து விடுகிறார்கள், இரண்டையும் சேர்த்து நடந்ததாகக் கணக்குச் சொல்கிறார். கொல்லை முருங்கை காற்றில் முறிந்து விழுந்தது, தெருவே ஒரு வாரம் கீரை தின்றது.

எங்கள் சேவைச் சங்கத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டிருந்தாய். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, புகழேந்தியின் உரக்கடை மாடியில்தான் இன்னமும் கூட்டம். அவர்தான் இந்த வருஷம் தலைவர், நான் செயலாளர். யூரியா மூட்டை நெடி அடிக்கும், பழகிவிட்டது. லேட்டாக வருகிறவர் எல்லார் முன்னாலும் ஒரு பாட்டு பாட வேண்டும் என்று விதி. போட்டவரே புகழேந்திதான், போன முறை அவரே லேட், வேறு பாட்டு தெரியாமல் தாலாட்டு பாடினார், பின்வரிசையில் இரண்டு பேர் நிஜமாகவே தூங்கிவிட்டார்கள். மரம் நட்டோம், பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் வடிகட்டி வாங்கிக் கொடுத்தோம், ரத்த தான முகாமில் நம் தெரு பையன்கள் பத்துப் பேர் கொடுத்தார்கள். ஆனால் உனக்கு நான் எழுத நினைத்தது போன மாதம் பனித்திட்டு மீனவர் குப்பத்தில் நடத்திய கண் முகாமைப் பற்றி. அதில் உன் அம்மா ஒரு காரியம் செய்துவிட்டாள், சிரிக்காமல் படி.

ஆஸ்பத்திரிக்காரர்கள் காலையில் வேனில் வருவார்கள், டாக்டர் உள்ளே உட்காருவார், ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களை அன்று நாலு மணிக்கு அதே வேனில் இலவசமாக அழைத்துப் போவார்கள். மறுபடி முகாம் ஆறு மாதம் கழித்துத்தான். வெளியே இரண்டு மேசை போட்டு முதல் பார்வைச் சோதனை செய்வது எங்கள் வேலை. ஒன்றில் நான், ஒன்றில் மின்துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற நாகராஜன் அண்ணன். சுவரில் ஒரு அட்டை மாட்டியிருக்கும், அதில் மூன்று கால் வைத்த ஒரே எழுத்து மேலே, கீழே, இடது, வலது என்று திரும்பித் திரும்பி நிற்கும், வரிசை இறங்க இறங்கச் சின்னதாகும். படிக்காதவர்களும் கால் எந்தப் பக்கம் என்று மூன்று விரலை நீட்டிக் காட்டினால் போதும். நல்லாத் தெரிகிறவர்கள் வீட்டுக்குப் போகலாம், தெரியாதவர்கள் டாக்டரிடம் போக வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

நான் எப்படிப் பாடம் நடத்தினேன் என்று உனக்குத் தெரியும், என் வகுப்பிலேயே இரண்டு வருஷம் உட்கார்ந்தவள்தானே. பிள்ளை வாசிக்கும்போது தடுமாறினால் நான் "ம்ம்ம்?" என்று இழுப்பேன், உடனே மாற்றிச் சொல்லும், சரியாகச் சொன்னால் "ஆங்!" என்பேன். முப்பத்துநாலு வருஷப் பழக்கம், நாற்காலியில் உட்கார்ந்ததும் தானாக வந்துவிட்டது. ஒருவர் விரலைத் தப்பாக நீட்டினால் "ம்ம்ம்?", அவர் வேறு பக்கம் திருப்புவார், "ஆங், அப்படித்தான்." மதியத்துக்குள் நாற்பத்தொரு பேரைப் பார்த்து முடித்துவிட்டேன், ஒருவருக்கும் குறையில்லை. ஊரில் எல்லாருக்கும் கண் இவ்வளவு நன்றாக இருக்கிறதே, மீன் தின்பதால்தான் என்று மனசுக்குள் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதிவிட்டேன்.

இரண்டரை மணிக்கு ஆஸ்பத்திரிப் பெண் ஒருத்தி என் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, டீச்சர், உங்க டேபிள்ல நாப்பத்தோரு பேருக்கும் கழுகுக் கண்ணா என்று கேட்டாள். நாகராஜன் அண்ணன் பார்த்தது முப்பத்தெட்டுப் பேர், அதில் பதினேழு பேரை உள்ளே அனுப்பியிருந்தார். அவர் எழுந்து வந்து, நான் வாயே தொறக்கல டீச்சர், தப்பா காட்னாலும் எழுதிக்கினேன், சரியா காட்னாலும் எழுதிக்கினேன், உங்க கிளாஸ்ல ஃபெயிலானவன் எவனும் இல்லன்னு ஊருக்கே தெரியுமே என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை பேரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள், வேன் கிளம்ப ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. புகழேந்தி கோயில் மைக்கைப் பிடித்து, ஜோஸ்பின் டீச்சர் டேபிளில் பாஸான அனைவரும் உடனே திரும்ப வரவும் என்று நாலு தடவை சொன்னார். ஏதோ பரிசு கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தலைசீவிப் பூ வைத்துக்கொண்டெல்லாம் வந்தார்கள். நாகராஜன் அண்ணன் வாயை மூடிக்கொண்டு மறுபடி சோதித்தார், பன்னிரண்டு பேர் டாக்டரிடம் போனார்கள். வராத ஒரே ஆள் நம் தெருவுக்கு மீன் கொண்டுவரும் கலியம்மாள். காலையில் கடைசி வரிசை வரைக்கும் சரியாகக் காட்டினாளே என்று நான் முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்பியிருந்தேன்.

நானே அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் சுருங்கிவிட்டது. இன்னா டீச்சரம்மா, நீதானே பாஸுன்னு எழுதிக் குடுத்த, தெரு பூரா சொல்லிட்டேன், பள்ளிக்கூடம் பக்கமே போவாதவ, அறுபத்திரண்டு வயசுல ஒரே ஒரு பரிட்ச பாஸ் பண்ணேன், அதையும் வூடு தேடி வந்து புடுங்கறியா என்றாள். தப்பு திருத்தினவள்மேல்தான், எழுதினவள்மேல் இல்லை, பரிட்சையில் தோற்றது நான் என்றேன். சரி, எப்படித்தான் எல்லாவற்றையும் சரியாகக் காட்டினாய் என்று கேட்டேன். அதற்கு அவள் கொஞ்சம் பெருமையாகவே, பலகைய யாரு பாத்தா, செவுத்துல வெள்ளையா இன்னாவோ தொங்குச்சி, உன் கொரலதான் பாத்தேன், கூடைய எறக்கி நாப்பது வருசமா யாபாரம் பண்றேன், வாங்கறவ கொரல்லயே மனசு தெரிஞ்சிடும் என்றாள். சொல்லும்போதே இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பிடித்துப் பார்த்தேன், கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. மீன் அரியும்போது வெட்டிக்கொண்டிருக்கிறாள், அந்த மாதத்தில் மட்டும் மூன்றாவது தடவை. அடுத்த தடவை விரலே போய்விடும் என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் ஆபரேஷன் என்றால் கண்ணைத் தோண்டி எடுத்துவிட்டுக் கோலிக்குண்டு வைப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

பயப்படுகிறவர்களுக்கு எத்தனை விளக்கம் சொன்னாலும் ஏறாது, பட்டவர் ஒருவரைக் காட்ட வேண்டும். போன வருஷம் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் செய்தது ஞாபகம் வந்தது, உடனே போன் போட்டு அவள் கையில் கொடுத்தேன். வலிச்சிதா சார், கண்ண வெளிய எடுத்தாங்களா சார் என்று குறுக்கு விசாரணையே நடத்தினாள். அப்பா எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, ஒன்னு மட்டும் சொல்றேன் கலியம்மா, ஆபரேஷன் முடிஞ்சப்புறந்தான் நீ எவ்ளோ செதிலு வுட்டு மீன் குடுக்கறன்னு எனக்குத் தெரிஞ்சிது என்றார். அவளுக்கு வந்ததே கோபம்! யாரப் பாத்து சொல்ற சார், என் மீன்ல செதிலா என்று கத்தினாள், கத்திக்கொண்டே மாற்றுப் புடவை எடுக்க உள்ளே போய்விட்டாள். நீயும் வேன்ல வரணும், நீ பண்ணின தப்புக்கு நீதான் கூட உக்காரணும் என்றாள். வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, ஓடினோம், டாக்டர் வேன் படியிலேயே டார்ச் அடித்துப் பார்த்துக் கண்புரை என்றார், ஏறிக்கொண்டோம். மூன்று நாள் அவளோடு ஆஸ்பத்திரியில் இருந்தேன். அந்த வாரம் நீ போன் செய்தபோது மாதா கோயில் திருவிழா வேலையாக இருக்கிறேன் என்று அப்பா சொன்னது பொய், நான்தான் சொல்லச் சொன்னேன், மன்னித்துக்கொள்.

அடுத்த கூட்டத்தில் செயலாளர் என்ற முறையில் நானே என் தப்பை நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதி வாசிக்க வேண்டியதாயிற்று. சிறு நடைமுறைக் குறைபாடு என்று போட்டுக்கொள்ளலாமே டீச்சர் என்று புகழேந்தி தயவாகச் சொன்னார். வேண்டாம், தப்பு செய்த பிள்ளைகளை நூறு தடவை எழுதச் சொல்லியிருக்கிறேன், நான் ஒரு தடவையாவது எழுதுகிறேன் என்று, உள்ளதை உள்ளபடி எழுதி வாசித்தேன். இனிமேல் பார்வைச் சோதனை மேசையில் ஓய்வு பெற்ற ஆசிரியர் யாரும் உட்காரக் கூடாது என்று தீர்மானம், ஏகமனதாக நிறைவேறியது, நானும் கைதூக்கினேன். முகாமுக்கு வரப் பயப்படுகிறவர்களை வீட்டுக்குப் போய் அழைத்து வரும் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

நேற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு மறுபரிசோதனை, அதே இடத்தில், அதே அட்டை. நாகராஜன் அண்ணன் மேசையில் இருந்தார், நான் ஓரமாக நின்றேன். கலியம்மாள் வந்து உட்கார்ந்து மேல் வரிசையிலிருந்து டக் டக்கென்று விரலைக் காட்டிக்கொண்டே இறங்கினாள். கடைசி வரிசையில் ஒரு எழுத்தில் நின்றுவிட்டாள். பழக்கத்தில் என் பக்கம் திரும்பினாள். இளவரசி, என் தொண்டைக்குள் அந்த "ம்ம்ம்" முட்டிக்கொண்டு வந்தது, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தேன். அவள் மறுபடி பலகையைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்துவிட்டு விரலைக் கீழே காட்டினாள். தப்பு. நாகராஜன் அண்ணன் தப்பு என்றே எழுதினார். அவள் எழுந்து கொசுவத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஒன்னு போச்சி டீச்சரம்மா, போவட்டும், மீதி அத்தினியும் என்னுது என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

எழுதத் தாள் தீர்ந்துவிட்டது. மாதா உங்கள் மூவரையும் தன் போர்வைக்குள் வைத்துக் காக்கட்டும். பாப்பாவின் தடுப்பூசித் தேதி இருபத்திரண்டு, அலுவலக வேலையில் மறந்துவிடாதே. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், பாப்பாவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
உன் அம்மா
ஜோஸ்பின் பாக்யராஜ்