திருத்தப்படாத குரல்

பார்சலைப் பிரித்ததும் புதுப் பசையின் வாடை முகத்தில் அடித்தது. நம் இருவருக்கும் உயிரான இசையமைப்பாளரின் அந்தக் கடைசி ஆல்பம், அவர் மறைவுக்குப் பிறகு சிறப்புப் பதிப்பாக மறுபடி வந்திருக்கிறது. கெட்டி அட்டைப் பெட்டி, சிடிகள், படங்கள் நிறைந்த புத்தகம். தோழி, நீ உயிரோடு இருந்திருந்தால் நான் பிரிக்கும்வரை பொறுத்திருக்க மாட்டாய்.

அது முதன்முதலில் வெளிவந்தபோது விமர்சகர்கள் எப்படிக் கிழித்துப் போட்டார்கள்! வாழ்நாளெல்லாம் பிறரைப் பாடவைத்த மனிதர், தள்ளாத வயதில் தானே பாடியிருந்தார். குரல் போன பிறகு ஏன் இந்த ஆசை என்று எழுதினார்கள். நாகர்கோவிலில் இருந்த அவருடைய ரசிகர்களே அதைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டார்கள். நீ மட்டும் ஆரல்வாய்மொழி வீட்டில், காற்று அடுக்களைக் கதவைப் போட்டு அடிக்க அடிக்க, அதையே ஓடவிட்டுக்கொண்டிருந்தாய். உனக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்திருந்த சமயம் அது. சபைப் பாடகர் குழுவையே தாங்கிய உன் குரல் கரகரத்துப்போய், மேலே ஏறும்போதெல்லாம் உடைந்தது.

"ஏட்டி, இந்த எடத்தக் கேளு" என்பாய். மூன்றாவது பாட்டில் அவர் குரல் உச்சியைத் தொடாமல் பிசிறும் இடம். "எட்டாதுன்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சேதான் ஏறுகாரு. அதாக்கும் பாட்டு."

பாடகர் குழுவை நடத்திய இளைஞர் உன்னிடம் பதமாகத்தான் சொன்னார். "அக்கா, நீங்க வந்து நின்னா போதும். வாய மட்டும் அசைங்க."

நீயோ அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் என் பக்கத்தில் நின்று முழுப் பாட்டையும் பாடினாய். குரல் உடைந்தபோது முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் பயந்து என் சத்தத்தைக் குறைத்தேன். நீ அடுத்த வரியை இன்னும் பலமாக எடுத்தாய். வெளியே வந்ததும், "வாய அசைக்கதுக்கு நான் என்ன மீனா?" என்றாய். படுக்கையில் விழும்வரை ஒரு ஞாயிறுகூட நீ பாடாமல் இருந்ததில்லை.

புதிய பதிப்பில் அந்த மூன்றாவது பாட்டைத்தான் முதலில் போட்டேன். பிசிறு இல்லை. கம்ப்யூட்டரில் குரலை இழைத்து, உச்சியைத் தொடவைத்திருக்கிறார்கள். பழைய பதிவு பெட்டியில் எங்குமே இல்லை. அன்று கிழித்தவர்கள் இன்று காவியம் என்கிறார்கள். ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் அட்டைப்படத்தின் நிறம் பற்றியும் கூடுதல் பாடல்கள் பற்றியும் பெரிய சண்டை. குரலைப் பற்றி ஒருவர்தான் எழுதினார்: "இப்பம்தான் கேக்கக் கொள்ளாம், நல்லாருக்கு."

இது அவர் குரலே அல்ல, அவர் பாடியதை அழித்துவிட்டார்கள் என்று எழுதினேன். குழுவை நடத்தும் வங்கி அதிகாரி உடனே போன் செய்தார்.

"டீச்சர், இப்பம்தான் எல்லாரும் அவர மதிக்காவ. குழுவுல நீங்க எழுதுன பதிவ எடுத்திருங்க."

"அவருக்க பிசிற எடுத்த பெறவுதான சார் மதிக்காவ? நான் எடுக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் ரசிகர் கூட்டம். புதிய பதிப்பைப் போட்டுக் கேட்டார்கள், கைதட்டினார்கள். நான் எழுந்து, உன் அடக்கத்துக்குப் பிறகு உன் அண்ணன் என்னிடம் தந்த பழைய சிடியை நானே போட்டேன். சிலர் டீ குடிக்கப் போனார்கள். குரல் பிசிறியதும் பின்னால் யாரோ சிரித்தார்கள். பாட்டை நிறுத்தி, முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டேன். இரண்டாம் முறை சிரிப்பு வரவில்லை. கைதட்டலும் வரவில்லை.

அதிகாரி என் அருகில் வந்து தணிந்த குரலில் சொன்னார்: "டீச்சர், இவ்வளவு பிடிவாதம் ஆகாது."

"ஆகும் சார்" என்றேன்.

மாலைக்குள் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். நீக்கட்டும். ஊரே முகம் சுளிக்கும்போதும் சத்தத்தைக் குறைக்காமல் நிற்க உன் பக்கத்தில் நின்றுதான் பழகினேன். இனி எவர் பதமாகச் சொன்னாலும் அந்தப் பழக்கத்தை விடுவதாக இல்லை.