வரதாச்சாரி வேண்டாம் என்ற உத்தியோகம்

9-6-1930, திங்கள்

காலை முதல் புழுதிக் காற்று. காவிரியில் நடுவே மட்டும் கொஞ்சம் தண்ணீர். செருப்பைத் தைக்கக் கொடுத்தேன், வாங்க மறந்தேன்.

வரதாச்சாரியின் பத்திரிகை நின்றேவிட்டது. சர்க்கார் ஜாமீன் பணம் கேட்டது, முதலாளி கட்டவில்லை, அச்சகத்துக்குப் பூட்டு. பன்னிரண்டு வருஷம் மேடைப் பேச்சைச் சுருக்கெழுத்தில் எடுத்தவர். எத்தனையோ கூட்டங்களில் ஒரே பெஞ்சில் நாங்கள். நான் வேறு பத்திரிகை. ஆனாலும் நான் விட்டதை அவர் நோட்டைக் கேட்டு நிரப்பியதே அதிகம்.

போலீஸ் இலாகாவிலிருந்து அவருக்கு அழைப்பு. அதே வேலை, பேச்சை எடுப்பது. பென்ஷன் உண்டு. பதில் வியாழனுக்குள்.

"எடுத்துக்குங்க ஸ்வாமி, ரெண்டு பெண் குழந்தை இருக்கு" என்றேன்.

"பார்க்கலாம்" என்றார்.

10-6, செவ்வாய்

மலைக்கோட்டைக் கடைவீதி. நிப், மை, வீட்டுக்குப் புளி. அங்கே வரதாச்சாரி. பையிலிருந்து அரைத் தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

1. பேசாததை எழுதுவதில்லை.
2. பேசியதை விடுவதில்லை.
3. எழுதியதை யார் கேட்டாலும் படித்துக் காட்டுவது.

"இந்த மூணையும் நான் மீறினதில்லை. புது வேலை முதல் ரெண்டுக்கும் சரியாத்தான் இருக்கு. அதான் கஷ்டம்."

மூன்றாவதை விசாரிக்கப் போகிறாராம். எனக்கு இப்படி ஒரு தாள் எழுதத் தோன்றியதே இல்லை. சம்பளம் எவ்வளவு, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், இந்த இரண்டு கேள்வியில் மூன்று வேலை மாறியவன்.

11-6, புதன்

ஸ்ரீரங்கம், அவர் வீடு. விசாரித்தாயிற்று. நோட்டு மேலதிகாரிக்கு மட்டும். வழக்கு வந்தால் கோர்ட்டில் படிக்க வேண்டும். பேசியவரே கேட்டாலும் காட்டக் கூடாது. வீட்டில் மூச்சு விடக் கூடாது.

தினம் சாயங்காலம், எடுத்த பேச்சை இருமல் கைதட்டல் உட்பட மனைவி கோமளத்தம்மாளுக்குப் படித்துக் காட்டுவார். அந்த அம்மாள் வாழைப்பூ ஆய்ந்துகொண்டே:

"கோர்ட்டில சத்தமாப் படிக்கணுமாம், ஆத்தில வாயைத் திறக்கப்படாதாம். என்ன உத்தியோகம்னா அது?"

"பென்ஷன் இருக்கேடி."

"இருக்கட்டும். பேசினவர் எதிர்ல வந்தா நோட்டை ஒளிச்சு வெச்சுப்பேளா? உங்களால ஆகுமா?"

அரைத் தாளை எடுத்து மடியில் விரித்துப் பார்த்தார். பிறகு, "ஆகாது" என்றார்.

அம்மாள் என் பக்கம் திரும்பி, "அண்ணாதான் எடுத்துக்கச் சொன்னாராமே?"

மோரைக் குடித்தேன். வேறென்ன செய்ய.

12-6, வியாழன்

கடிதம் கொடுத்துவிட்டார். நான்கு வரி. நன்றி, முடியவில்லை, காரணம் இது. நானாயிருந்தால் உடம்பு சரியில்லை என்று எழுதியிருப்பேன். அதிகாரி படித்துவிட்டு, "நேராவே எழுதிட்டீங்க" என்றாராம். அவ்வளவுதான்.

இனி வயிற்றுப்பாடு? அவருக்கே தெரியவில்லை. முகத்தில் கவலை. அதை மறைக்கவும் இல்லை. பெரிய மனுஷர்.

20-6, வெள்ளி

தூறல். பல்வலி.

வாழைக்காய் மண்டியில் வரதாச்சாரி! ஜீயபுரத்துத் தார்கள் ஏலம். யார் என்ன விலை கேட்டார்கள் என்று குறிப்பெடுக்க, மண்டிக்காரர் காதர் பாய் வைத்திருக்கிறார். ஒரு நாள் வேலையைப் பார்த்துவிட்டு பாய் சொல்வதாக ஏற்பாடு.

ஏலம் முடிந்ததும் சண்டை. கடைசி விலை கேட்டது தான்தான் என்று வாங்க வந்த செட்டியார், இல்லை, தான்தான் என்று ராவுத்தர்.

"சாமி, படிங்க" என்றார் காதர் பாய்.

எழுந்து நின்று படித்தார்.

"'யோவ், தூங்குறியா?' இது செட்டியார். 'இது வாழைத்தாரா, வெண்டைக்காயா?' இது ராவுத்தர்."

மண்டி முழுக்கச் சிரிப்பு.

"'சரி, எனக்கு வேணாம், அவரே தூக்கிட்டுப் போகட்டும்.' இதுவும் ராவுத்தர்."

ராவுத்தர் துண்டை உதறித் தோளில் போட்டார். "யா அல்லா! நான்தான் சொன்னேன். செட்டியார் வண்டியில ஏத்துங்கப்பா."

காதர் பாய், "நாளையிலேருந்து வெள்ளனே வந்துடுங்க சாமி" என்றார்.

சம்பளம் பழையதில் பாதி. இருக்கும் வீட்டை விட்டு ஓர் அறை வீட்டுக்குப் போகிறார்கள். ஞாயிறு சாமான் தூக்க என்னையும் கூப்பிட்டிருக்கிறார். போக வேண்டும்.