முட்டு எடுக்கும் நாள்

கார்ஸ், பனி உருகும் காலம்

என் மம்கானுக்கு,

ஆயர் சம்மதித்துவிட்டார்! தரையில் சுண்ணாம்பால் கீறிக் காட்டினேன். "இவ்வளவு அகலத்துக்குக் குவிமாடமா? விழுந்துடாதாய்யா?" என்றார். விழாது என்றேன். சந்தோஷத்தில் எனக்குத் தூக்கமே இல்லை. இந்த நாட்டில் இதுவரை யாரும் இப்படியொரு தேவாலயம் எழுப்பியதில்லை. உன் சூளையில் இருக்கிற ஜாடிகளையெல்லாம் உடனே வண்டியில் ஏற்றி அனுப்பு. கோணல் ஜாடியும் வேண்டும். அவசரம்.

உன் அர்தவாஸ்த்

*

ஓஷகான், ஈஸ்டருக்கு மறுவாரம்

அன்புள்ள என் கணவருக்கு,

குளிர்காலம் முழுக்க ஒரு வரி இல்லை. எழுதினால் ஜாடி அனுப்பு என்கிறீர்கள். நான் இருக்கிறேனா செத்தேனா என்று கேட்கத் தோன்றவில்லையா? ஜாடிகள் வருகின்றன. வெறும் ஜாடி அனுப்புவது நன்றாயிருக்காது என்று எல்லாவற்றிலும் நம் வீட்டுத் திராட்சை மதுவை நிரப்பி, மெழுகு வைத்து அடைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். குவிமாடத்தைத் தாங்கும் முட்டுகளை எடுக்கும் நாளில் மேஸ்திரி தனியாகக் கீழே நிற்கிற வழக்கத்தை இந்த ஒரு முறை விட்டுவிடக் கூடாதா? என் அப்பா அப்படி நின்றுதான் போனார். அன்றிலிருந்து நான் எந்த மாடத்தின் கீழும் போவதில்லை, வாசலிலேயே நின்று கும்பிடுகிறேன். உங்களுக்குத் தெரியாததா?

மம்கான்

*

கார்ஸ், கோடைத் தொடக்கம்

அடி மம்கான்,

காலி ஜாடி என்று எழுதாதது என் தப்புதான். மாடம் வளையத் தொடங்கும் தோளில் கல்லுக்குப் பதில் ஜாடிகளைக் கவிழ்த்து அடுக்கினால் பாரம் குறையும். மது இருந்தால் எப்படிக் கவிழ்ப்பது? "நாங்க காலி பண்ணித் தர்றோம் மேஸ்திரி, கவலைய விடுங்க" என்று கொத்தனார்கள் முன்வந்தார்கள். அதோடு அன்றைய வேலை போயிற்று. ஆயர் வந்து கத்தினார். போகும்போது அவரும் ஒரு ஜாடியை எடுத்துக்கொண்டார்.

இப்போது எல்லாம் மேலே ஏறி, சாந்தும் பூசியாயிற்று. நீ கேட்டது மட்டும் முடியாது. நானே நிற்கப் பயப்படுகிற இடத்தில் ஊர்ச்சனம் எப்படி வந்து நின்று ஜெபிக்கும்? வர்தவார் பண்டிகையன்று, எல்லோரும் தண்ணீர் ஊற்றி விளையாடும் நாளில், முட்டு எடுக்கிறோம். கோபித்துக்கொள்ளாதே.

அர்தவாஸ்த்

*

கார்ஸ் கோட்டை வாசல், வர்தவார் காலை

என் கணவருக்கு,

வந்துவிட்டேன். வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். "இன்னைக்கு ஒரு மேஸ்திரி நசுங்கப் போறாராம், பாக்க வந்தியாம்மா?" என்று கேட்ட காவல்காரன், என் தலையில் ஒரு குடம் தண்ணீரையும் கொட்டிவிட்டான்.

என் அப்பா தனியாக நின்றார். உங்களை அப்படி விட மாட்டேன். மேலே இருப்பது நான் வனைந்த ஜாடி, விழுந்தால் என் மேலும் விழட்டும். பக்கத்தில் வந்து நிற்கப் போகிறேன். தடுத்தால் ஆயர் முன்னாலேயே சண்டை போடுவேன். இந்தச் சீட்டைக் கொண்டுவருகிறவனிடம் உலர்ந்த துணி ஒன்று கொடுத்தனுப்புங்கள்.

மம்கான்

*

துவின், அடுத்த வசந்தம்

என் மம்கானுக்கு,

புதுத் தேவாலயம். மாடம் முந்தியதைவிட அகலம்! கார்ஸில் கடைசி முட்டு சாய்ந்து தூசி அடங்கியதும், "ஒரு கீறல் இல்ல, பாத்தீங்களா? என் ஜாடியாக்கும்" என்று அழுதுகொண்டே என் விலாவில் இடித்தாயே, அதைச் சொல்லாத நாளில்லை. மேஸ்திரியின் பெண்டாட்டியும் கூட நிற்பதுதான் முறை என்று இங்கே பேச்சு கிளம்பிவிட்டது. இளம் மேஸ்திரிகளின் மனைவிமார் உன்னைச் சபிக்கிறார்கள்.

ஜாடிகளை அனுப்பு, காலியாக. அறுவடை முடிந்ததும் முட்டு எடுப்போம். வந்து நில் என்று உன்னைக் கேட்க எனக்கு வாயில்லை. ஆனால் தனியாக நிற்க இப்போது பயமாயிருக்கிறது.

உன் அர்தவாஸ்த்