ஏழு கறுப்பு நாடாக்கள்

அனுப்புநர்:
தையல் கடை நடத்துபவர், நான்கரை வயதுப் பெண்ணின் தாய்,
மருந்துக்கடையை ஒட்டிய கடை, கடைத்தெரு.

பெறுநர்:
குழந்தைகள் நல அலுவலர் அவர்கள்,
குழந்தைகள் நல அலுவலகம்.

பொருள்: மருந்துக்கடை மாடியில் நடக்கும் மழலையர் கராத்தே வகுப்பை வரும் சனிக்கிழமைக்கு முன் நேரில் வந்து பார்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கராத்தே கூடாது என்று சொல்ல இந்த மனுவை எழுதவில்லை. மூன்றரை வயதில் சேர்த்தபோது என் மகள், வாயில் விரல் வைத்தால் கடித்துவிடும் ரகம். மூன்று பிள்ளைகளைக் கடித்தும் இருக்கிறாள். ஒற்றைக் காலில் இரண்டு நொடி நிற்கத் தெரியாது. வகுப்பைத் தொடங்கிய டீச்சர் முதலில் பிள்ளைகளுக்கு விழக் கற்றுக்கொடுத்தார்: தாடையை நெஞ்சோடு ஒட்டி, பந்துபோல் உருண்டு. பிறகு வரிசையில் தன் முறை வரும்வரை காத்திருக்கப் பழக்கினார். பிறகு, தெரியாத ஆள் கையைப் பிடித்தால் அடிவயிற்றிலிருந்து "வேண்டாம்" என்று கத்தப் பழக்கினார். ஆறே மாதத்தில் கடிப்பது நின்றது. சட்டைப் பொத்தானைத் தானே போட்டாள், கைப்பிடியைத் தொடாமல் படி இறங்கினாள். இவர்கள் போடும் கூச்சலில் மாத்திரை எண்ணிக்கை தப்பிப்போகிறது என்று மருந்துக்கடைக்காரர் குறைபட்டுக்கொள்வார். நாங்கள் சிரிப்போம்.

2. டீச்சர் பிரசவத்துக்காக நின்றுகொண்டார். ஐந்து மாதமாகப் புதிய மாஸ்டர் நடத்துகிறார். அவர் வந்த வாரமே பெற்றோர் உட்காரும் பெஞ்சு வெளியே வந்தது. அடுத்த வாரம் கதவுக் கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டப்பட்டது. பிள்ளைகளின் கவனம் சிதறுகிறதாம். மூன்று முதல் ஐந்து வயதுவரை இருபத்திரண்டு பிள்ளைகள், ஒரு மணி நேரம். மாடியிலிருந்து ஒரு சத்தமும் வருவதில்லை. அந்த அமைதியை நாங்கள் எல்லோரும் மெச்சிக்கொண்டோம். "பிள்ளை எவ்வளவு அடக்கமா ஆயிட்டா பாரு" என்றார் வேன் ஓட்டும் என் கணவர். நானும் மாஸ்டரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன். நான்கு தாய்மாரிடம் சொல்லி அவர்கள் பிள்ளைகளையும் சேர்த்துவிட்டேன்.

3. பிள்ளைகளின் சீருடையும் பெல்ட்டும் தைப்பது நான்தான். யார் பெல்ட்டில் எத்தனை கறுப்பு நாடா தைக்க வேண்டும் என்று மாஸ்டர் வாரந்தோறும் ஒரு துண்டுச் சீட்டு அனுப்புவார். நன்றாக உதைத்ததற்கான பரிசு என்று நானாக நினைத்துக்கொண்டேன். எதற்கு என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. என் மகளுக்கு ஏழு. வகுப்பிலேயே அவளுக்குத்தான் அதிகம். அவளுடையதற்கு மட்டும் இரட்டைத் தையல் போட்டேன், பிரிந்துவிடக் கூடாதென்று.

4. போன திங்கட்கிழமை பிற்பகல் மகள் கடையில் என் காலடியில் பொத்தான் கோத்துக்கொண்டிருந்தாள். சூடான இஸ்திரிப் பெட்டியை ஸ்டாண்டில் வைத்துவிட்டு ஒருவருக்கு அளவெடுத்தேன். எந்தச் சத்தமும் கேட்கவில்லை. மாலை குளிப்பாட்டும்போதுதான் அவள் வலது கை மூடியே இருப்பதைக் கவனித்தேன். பிரித்தால் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். மூன்று மணி நேரம் அப்படியே இருந்திருக்கிறாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் அழவே இல்லம்மா. இன்னொரு நாடா தைச்சுத் தரியா?" என்றாள்.

அந்த ஏழும் எதற்கு என்று கேட்டேன். "சொன்னா மாஸ்டர் நாடாவைப் பிச்சிருவாரு" என்று உதட்டை மடித்துக்கொண்டாள்.

5. கைக்கு மருந்து போட்ட நர்ஸ், இடது கால் சுண்டுவிரலையும் பார்த்துவிட்டு, இது எப்போது முறிந்தது என்று கேட்டார். முறிந்து தானாகக் கூடி ஒரு மாதத்துக்கு மேல் இருக்குமாம். எனக்குத் தெரியாது ஐயா. அந்தக் காலுக்குத் தினமும் காலையில் சாக்ஸ் மாட்டிவிட்டது நான்தான்.

6. மறுநாள் மாஸ்டரிடம் போனேன். அவர் கோபப்படவில்லை, நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். "வலிச்சா அழுறது ஒரு பழக்கம்தாம்மா. சின்ன வயசுல மாத்துறது சுலபம்" என்றார். அந்த வலி எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். சேர்க்கைப் படிவத்தை எடுத்து 'அடிபட்டால் வகுப்பு பொறுப்பல்ல' என்ற வரிக்குக் கீழே இருந்த என் கையெழுத்தைக் காட்டினார். எழுந்து வரும்போது புதிய வேலை ஒன்று கொடுத்தார்: சனிக்கிழமை தொடங்கும் இரண்டு வயதுப் பிரிவுக்கு இருபது பெல்ட். கூடவே ஒரு முழுச் சுருள் கறுப்பு நாடா.

7. அந்தச் சுருள் என் மேஜைமேல் பிரிக்காமல் கிடக்கிறது. இதுவரை வகுப்புக்காக நாற்பத்தொரு நாடா தைத்திருக்கிறேன். அதில் ஒன்று சுண்டுவிரலுக்கு என்று வைத்துக்கொள்கிறேன். மற்ற நாற்பதும் எந்தப் பிள்ளைக்கு, உடம்பில் எங்கே பட்டதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தாய்மாருக்கும் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே, தாங்கள் முன்தகவல் தராமல் வகுப்பு நடக்கும் நேரத்தில் வரவேண்டும். கதவைத் தட்டுமுன் ஐந்து நிமிடம் படியில் நின்று கேட்கவேண்டும். இருபத்திரண்டு பிள்ளைகளையும் மருத்துவரிடம் காட்டவும், இரண்டு வயதுப் பிரிவைத் தொடங்கவிடாமல் நிறுத்தவும் ஆவன செய்ய வேண்டுகிறேன். கேட்காமல் தைத்தது என் தப்பு. அதையும் தங்கள் அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள்.

இடம்: தையல் கடை
நாள்: 12, வியாழக்கிழமை

இப்படிக்கு,
(ஒப்பம்)
குழந்தையின் தாய்

இணைப்பு: 1. நர்ஸ் எழுதித் தந்த சீட்டு. 2. மகளின் வெள்ளை பெல்ட், ஏழு கறுப்பு நாடாக்களுடன். இதை இன்று காலை அவள் கையிலிருந்து வாங்கினேன். அழுவாள் என்று எதிரிலேயே உட்கார்ந்து காத்திருந்தேன். அழவில்லை.